சொந்தமாகப் புத்தகம் போடுவது: முதலில் கோப்பு, அப்புறம் அச்சகம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த ஐயா ஒருவர் கேட்டிருக்கிறார். தோட்ட வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய சிறுகதைகளும் நினைவுக் கட்டுரைகளுமாக 32 உருப்படிகள் கையில் இருக்கின்றன. பாதிக்கு மேல் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பில் வந்தவை. சொந்தச் செலவில் புத்தகமாகப் போட ஆசைப்படுகிறார். ஆயிரம் பிரதி அடித்தால் ஒரு பிரதியின் அடக்கவிலை குறையும் என்று அச்சகத்தில் சொன்னார்களாம். அடிக்கலாமா, என்ன செலவாகும், யார் வாங்குவார்கள் என்கிறார்.

ஆயிரம் வேண்டாம் ஐயா. 300 அடியுங்கள். அச்சகத்துக்காரர் பொய் சொல்லவில்லை. ஆஃப்செட் என்ற அச்சு முறையில் தகடு எடுப்பதற்கும் இயந்திரத்தை ஓட்டத்துக்குக் கொண்டுவருவதற்கும் ஆகும் செலவு 300க்கும் ஒன்றுதான், 1,000க்கும் ஒன்றுதான். அதனால் எண்ணிக்கை ஏற ஏற ஒரு பிரதியின் அடக்கவிலை இறங்கும். ஆனால் விற்காத 600 புத்தகத்தை வீட்டில் எங்கே வைப்பீர்கள் என்பதை அவர் கணக்கில் சேர்க்க மாட்டார். டிஜிட்டல் அச்சில் தகடே கிடையாது. 100, 200 என்றுகூட அடித்துத் தருவார்கள். அடக்கவிலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். தீர்ந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். அப்படி மறுபடி அடிக்க ஒரே ஒரு நிபந்தனை: புத்தகத்தின் கோப்பு சுத்தமாகவும் முழுமையாகவும் உங்கள் கையில் இருக்க வேண்டும். சொந்தப் பதிப்பில் இறங்குகிறவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான் என்பதால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பழைய கட்டுரைகள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன என்று பாருங்கள். பாமினி போன்ற பழைய முறையில் இருந்தால் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறைக்கு, மாற்றிவிட வேண்டும். முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பழகியவர் என்றால் இப்போதைய பதிப்பில் அடிப்பதெல்லாம் யூனிகோடுதான். பழைய காலத்துக் கோப்புகளை மட்டும் மாற்றினால் போதும். மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றியதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பழைய எழுத்துருக்களில் துணைக்காலும் ‘ர’வும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்ததால் தட்டச்சு செய்தவர்கள் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அழுத்தியிருப்பார்கள். காகிதத்தில் அது தெரியவே தெரியாது. யூனிகோடுக்கு வந்ததும் ‘ரி’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் ஒரு புள்ளி வட்டமும் நிற்கும். ‘கௌரவம்’ என்பதை க, ஒற்றைக் கொம்பு, ளகரம் என்று அடித்திருந்தால் பார்வைக்குச் சரியாகத் தெரியும். தேடினால் கிடைக்காது. இவற்றைக் கண்ணால் தேடிக்கொண்டிருக்காமல் வேர்ட்டில் தேடி மாற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து பக்க வடிவமைப்பு. ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ ஒருவரிடம் கொடுக்கப் போகிறீர்கள். அவர் மலாய், ஆங்கிலப் புத்தகங்களை அருமையாகச் செய்பவராக இருக்கலாம். தமிழ் அவருக்குப் புதிதாக இருக்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வரியை அனுப்பி அதை பி.டி.எஃப். ஆக்கித் தரச் சொல்லுங்கள்: “கொழுந்து, கோயில், கௌரி, பௌர்ணமி, தூக்குவாளி, ஸ்ரீ, லட்சுமி, பெரட்டுக் களம்”. திரும்பி வரும் பி.டி.எஃபில் ‘கொ’வின் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றாலோ, ‘தூ’ உடைந்திருந்தாலோ, அவருடைய இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று பொருள். பத்தி அமைப்புக்கான பட்டியலில் அது இருக்கிறது, மாற்ற அரை நிமிடம்கூட ஆகாது. அட்டையைப் போட்டோஷாப்பில் செய்தாலும் இதே மாதிரி ஓர் அமைப்பு அங்கேயும் உண்டு. உள்ளே 160 பக்கமும் பிழையில்லாமல் இருந்து, அட்டையில் தலைப்பு மட்டும் உடைந்து வெளிவந்த புத்தகங்கள் நம்மிடையே உண்டு.

கூலி பேசும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: வேலை முடிந்ததும் அச்சுக்குப் போன பி.டி.எஃப். மட்டுமல்ல, இன்டிசைன் கோப்பு, எழுத்துருக்கள், படங்கள் எல்லாம் அடங்கிய ‘பேக்கேஜ்’ உங்களுக்கு வந்துவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் பதிப்பில் ஒரு பிழை திருத்தக்கூட அதே ஆளைத் தேடி அலைய வேண்டும். அவர் அதற்குள் தொழிலையே மாற்றியிருப்பார். எழுத்துரு விஷயத்திலும் கவனம் தேவை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத எழுத்துரு வேண்டாம். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற திறந்த உரிமம் உள்ளவை இருக்கின்றன.

ஏ5 அளவு நம் வகைப் புத்தகத்துக்குப் பொருத்தம். எழுத்து 11 புள்ளி (பாயின்ட்), வரிக்கு வரி 15 முதல் 16 புள்ளி. தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் வருவதால் ஆங்கிலத்துக்குப் போடும் இடைவெளி போதாது, நெருக்கியடித்த மாதிரி ஆகிவிடும். இந்த அளவில் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 180 முதல் 200 சொல் நிற்கும். உங்கள் 32 உருப்படிகளும் சேர்ந்து 28,000 சொல் என்றால் 150 பக்கம். முன்பக்கங்களையும் சொல்விளக்கத்தையும் சேர்த்து 160இல் முடிக்கப் பாருங்கள். ஆஃப்செட்டில் ஒரு தாளை மடித்தால் பொதுவாக 16 பக்கம் வரும். 160 என்றால் சரியாகப் பத்து மடிப்பு. 162 ஆகிவிட்டால் அந்த இரண்டு பக்கத்துக்காக இன்னொரு மடிப்புக்குப் பணம் கட்டி, கடைசியில் வெற்றுப் பக்கங்களைத் தொங்க விட வேண்டும். டிஜிட்டலில் இந்தக் கெடுபிடி குறைவு, ஆனால் பிற்பாடு ஆஃப்செட்டுக்குப் போக நேர்ந்தால் உதவும். இரு ஓரமும் நேராக வரும்படி அமைத்தால், ‘தோட்டத்தொழிலாளர்களுக்கெல்லாம்’ போன்ற நீண்ட சொற்கள் அடுத்த வரிக்குத் தாவி, வரிக்குள் பெரிய பெரிய ஓட்டைகள் விழும். சொல்லை உடைக்க அனுமதியுங்கள், ஆனால் புள்ளி வைத்த எழுத்தில் ஒரு வரி தொடங்காதபடி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தாள் சதுர மீட்டருக்கு 80 கிராம் உள்ள சிமிலி (பூச்சில்லாத வெள்ளைத் தாள்), அட்டை 260 கிராம் ஆர்ட் கார்டு, மேலே மேட் லேமினேஷன் (பளபளப்பில்லாத பிளாஸ்டிக் உறை). அதற்கு மேல் செலவு தேவையில்லை. 80 கிராம் தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனம். 160 பக்கம் என்பது 80 தாள், ஆக முதுகு 8 மில்லிமீட்டர். அட்டை வடிவமைப்பவருக்கு இந்த எண்ணைச் சொல்லாமல் விட்டால் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு வழிந்துவிடும். புத்தகத்தின் எடை 220 கிராம் அளவுக்கு வரும். 300 புத்தகம் 66 கிலோ. கார் பின்பக்கத்தில் ஏற்றும்போது இது நினைவில் இருக்கட்டும்.

நம் ஊர் ஈரக்காற்றில் அட்டை சுருண்டுகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். லேமினேஷன் வெளிப்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. உள்பக்கத் தாள் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது, வெளிப்பக்கம் விரிய முடியாமல் இழுத்துப் பிடிக்கிறது, அட்டை வெளிப்பக்கமாக வளைகிறது. பெட்டிகளைப் பலகை மேல் வைத்து, தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் ஒரு சாண் தள்ளி, புத்தகங்களைப் படுக்கையாக அடுக்கிவையுங்கள். கரையானுக்கும் அதுவே காப்பு.

படங்கள் தோட்டப் புத்தகத்தின் உயிர், நம் ஆட்கள் அதிகம் கெடுப்பதும் படங்களைத்தான். வாட்ஸ்அப்பில் வந்த பழைய கல்யாணப் படத்தை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அது ஏற்கெனவே நசுக்கப்பட்ட படம். பக்கத்தில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்குப் படம் வர வேண்டுமென்றால் அகலவாக்கில் ஏறக்குறைய 1,180 பிக்சல் வேண்டும். மூலப்படத்தை வாங்கி ஸ்கேன் செய்யுங்கள்: அதே அளவில் போட 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி), இரண்டு மடங்கு பெரிதாக்க 600. தூரத்தில் இருப்பவர் அனுப்புவதாக இருந்தால் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக இன்றைக்கே எழுதி வாங்குங்கள். பெயர் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இனி எழுத்து. மெய்ப்பை, அதாவது பிழை திருத்தும் படியை, திரையில் பார்க்காதீர்கள், காகிதத்தில் பாருங்கள். எழுதியவரே பார்த்தால் மனத்தில் இருப்பதுதான் கண்ணுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவருக்குக் கூலி கொடுத்துப் பார்க்கச் சொல்வதே முறை. “நம்ம ஆளுதானே” என்று இலவசமாகக் கேட்டால் இலவசத்துக்குத் தகுந்த மாதிரிதான் பார்ப்பார். கடைசிச் சுற்றில் வாசகத்தைத் தொடாமல் பொருளடக்கத்தின் பக்க எண்கள், ஆட்பெயர்கள், படக்குறிப்புகள் மட்டும் பாருங்கள்.

தோட்டத்துச் சொற்களுக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுப்பதை ஒரு கதையில் ‘பெரட்டு’, இன்னொன்றில் ‘பிரட்டு’ என்று இருந்தால் படிப்பவருக்கு உறுத்தும். பேச்சில் எப்படி இருக்கிறதோ அதையே ஒரே மாதிரி எழுதுங்கள், இலக்கணத் திருத்தம் என்ற பெயரில் அதை யாரும் மாற்ற விடாதீர்கள். அதே சமயம் கோலாலம்பூர் அடுக்குமாடியில் வளர்ந்த பிள்ளைக்கு மங்கு என்றால் தெரியாது. கதைக்கு நடுவில் நிறுத்தி விளக்காமல் பின்னால் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இப்படி இருந்தால் போதும்:

மங்கு: வெட்டிய கோட்டிலிருந்து வடியும் பாலைப் பிடிக்க மரத்தில் மாட்டும் கிண்ணம்.
காண்டா: இரண்டு முனையிலும் பால்வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் கழி.
ஒட்டுப்பால்: மங்கிலும் வெட்டுக்கோட்டிலும் உறைந்து ஒட்டியிருக்கும் பால்.

நினைவுக் கட்டுரைகளில் வரும் ஆண்டுகளைச் சரிபார்த்துவிடுங்கள். சுங்கை சிப்புட்டுக்காரர் புத்தகத்தில் அவசரகாலம், அதாவது கம்யூனிஸ்டுகளோடு அரசு மோதிய காலம், வராமல் இருக்காது. ஊருக்குப் பக்கத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டது 1948 ஜூன் 16. அவசரகாலம் முடிவுக்கு வந்தது 1960 ஜூலை 31. துண்டுதுண்டாக விற்கப்பட்டுவந்த தோட்டங்களை வாங்க அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் 1960தான். வாய்வழிச் செய்திகளில் இவை முன்னும் பின்னுமாகக் கலந்து வரும். பாட்டி சொன்னதைப் பாட்டி சொன்னதாகவே எழுதுங்கள், ஆண்டை மட்டும் நீங்கள் பார்த்துப் போடுங்கள்.

உரிமை பற்றி இரண்டு விஷயம். ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், சம்பளம் வாங்கும் ஊழியராகவும் இல்லாமல் நாளிதழுக்கு அனுப்பிய கதை பொதுவாக உங்களுடையதே. முதலில் எங்கே, எப்போது வந்தது என்று ஒரு பக்கத்தில் குறிப்பிடுவது மரியாதை. சினிமாப் பாட்டு வரிகளைக் கதைக்குள் அள்ளிப் போடாதீர்கள். மலேசியாவில் எழுதியவர் இறந்து 50 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு வரை உரிமை உண்டு. பாரதி 1921இல் மறைந்தவர், தடையில்லை. கண்ணதாசன் மறைந்தது 1981இல். அவர் வரிகளுக்கு இன்னும் அனுமதி வேண்டும். பால்மரக் காட்டில் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் தாராளமாகச் சேர்க்கலாம், பாடிக் கொடுத்தவர் பெயரைப் போடுங்கள். கங்காணியையோ (வேலை மேற்பார்வையாளர்) கிராணியையோ (தோட்டத்துக் கணக்கர்) கெட்டவராகக் காட்டும் கதையில் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. தோட்டம், தீம்பார் (பால்மரக் காடு), குடும்ப விவரம் எல்லாம் அப்படியே இருந்தால் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அவதூறு வழக்குக்கு அது போதும்.

அரசாங்க வேலைகள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஐ.எஸ்.பி.என். என்ற பன்னாட்டுப் புத்தக அடையாள எண்ணைத் தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. “வாங்கித் தருகிறேன்” என்று பணம் கேட்கும் தரகர் வேண்டாம். அச்சுப் புத்தகத்துக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண். மாற்றமில்லாத மறு அச்சுக்குப் பழைய எண்ணே போதும், உள்ளடக்கத்தைத் திருத்தி விரிவாக்கினால் புது எண். 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் புத்தகத்தில் இருக்க வேண்டும். புத்தகம் வெளிவந்த ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். இது 1986ஆம் ஆண்டுச் சட்டம். பலர் எண்ணை வாங்கிக்கொண்டு இதை மறந்துவிடுகிறார்கள். ‘இன்ன பதிப்பகம்’ என்று பெயர் வைத்துத் தொடர்ந்து விற்க நினைத்தால் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் வணிகப் பதிவு செய்துகொள்ளுங்கள். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60.

இப்போது பணம். அச்சகத்துக்கு அச்சகம் விலை மாறும், இரண்டு மூன்று இடத்தில் எழுத்தில் விலை கேளுங்கள். கணக்குப் போடும் முறைக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். அச்சு 300க்கு ஒன்று 9 ரிங்கிட் வீதம் 2,700. வடிவமைப்பும் அட்டையும் 1,200. மெய்ப்பு 600. மொத்தம் 4,500, ஒன்றுக்கு 15. இதைப் பார்த்துவிட்டு 25 என்று விலை வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். கடைக்காரர் 40 விழுக்காடு கழிவு கேட்டால் கைக்கு வருவது 15, லாபம் சுழி. அதோடு 300இல் குறைந்தது முப்பது பிரதி இலவசமாகப் போய்விடும்: தேசிய நூலகத்துக்கு ஐந்து, படம் கொடுத்தவர்கள், மதிப்புரைக்கு, முன்னுரை எழுதியவருக்கு. விற்க இருப்பது 270 என்றால் அடக்கம் 16 ரிங்கிட் 67 சென். 30 ரிங்கிட் வையுங்கள். நேரடியாக 150 விற்றால் போட்ட பணம் வந்துவிடும். மறு அச்சு 200க்கு ஒன்று 10 ரிங்கிட் ஆனாலும் அதுதான் மொத்த அடக்கம். வடிவமைப்பும் மெய்ப்பும் ஏற்கெனவே கட்டியாயிற்று, கோப்பு உங்களிடம் இருக்கிறது. லாபம் என்று ஒன்று வருமானால் அந்த இரண்டாவது அச்சில்தான் வரும்.

யார் வாங்குவார்கள்? புத்தகக் கடையில் அறியாத ஒருவர் எடுத்துப் புரட்டி வாங்குவார் என்று நம்பி இறங்காதீர்கள். உங்கள் வாசகர் அந்தத் தோட்டத்தை விட்டுப் போனவர். ஈப்போவிலும் கிள்ளானிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார். தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். தோட்டக் கோயில் திருவிழாவுக்கு ஆண்டில் ஒரு நாள் குடும்பத்தோடு வந்து போகிறார். வெளியீட்டு விழா மேடையை விட அந்தத் திருவிழா நாளில் கோயில் பக்கம் போடும் ஒரு மேசையே மேல். நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேளுங்கள், விற்றதில் ஒரு பங்கைத் திருப்பணிக்குத் தருவதாகச் சொல்லுங்கள். பழைய படங்களைப் பெரிதாக அடித்து மேசைக்குப் பின்னால் மாட்டுங்கள். “இது எங்க தாத்தா” என்று ஒருவர் நின்றால் பின்னாலேயே பத்துப் பேர் நிற்பார்கள். கைப்பேசியில் பணம் கட்ட டுயிட்நவ் கியூஆர் அட்டையும் நிறையப் பத்து ரிங்கிட் தாள்களும் வேண்டும், 50 ரிங்கிட்டோடுதான் எல்லாரும் வருவார்கள். கையெழுத்துப் போடுமுன் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேளுங்கள்.

அச்சுக்குப் போகுமுன் முன்பதிவு எடுங்கள். குழுக்களில் ஒரு கட்டுரையை முழுதாகப் போட்டு, கீழே விலையும் தபால் செலவும் எழுதுங்கள். பணம் கட்டியவர்களை மட்டும் எண்ணுங்கள். கட்டைவிரல் காட்டியவர்களை எண்ண வேண்டாம். 60 பேர் கட்டினால் 300 தைரியமாக அடிக்கலாம். 15 பேர்தான் என்றால் 100 போதும்.

வெளியீட்டு விழா வைக்க வேண்டுமானால் வையுங்கள், புத்தகக் கணக்கோடு அதைக் கலக்காதீர்கள். மண்டபம், சாப்பாடு, பதாகை, மாலை என்று போனால் அச்சுச் செலவைத் தாண்டிவிடும். தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஞாயிறு காலை பத்து மணிக்கு, தேநீர் பலகாரத்தோடு, இரண்டு பேச்சாளர்கள் போதும். மேடையில் டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் “நூறு புத்தகம் நான் எடுத்துக்கொள்கிறேன்” என்று அறிவித்தால் கைதட்டுங்கள். அதை நம்பி அச்சகத்துக்குக் கூடுதலாக நூறு சொல்லிவிடாதீர்கள். பணம் வந்த பிறகு அடித்துக் கொடுக்கலாம். பணம் வைத்த உறை கொடுப்பவர்கள் பலர் புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். வாசலில் ஓர் ஆளை நிறுத்திக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

கடைகளில் வைப்பதானால் ஐந்து ஐந்தாக, விநியோகச் சீட்டில் கையெழுத்து வாங்கி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய்க் கணக்குப் பாருங்கள். பள்ளி நூலகம் வாங்கினால் விலைப்பட்டியல், ரசீது எல்லாம் கேட்கும், எஸ்.எஸ்.எம். பதிவு அப்போது கைகொடுக்கும்.

மின்னூலை அவசரப்பட்டுப் போட வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். அமேசான் கிண்டிலில் தமிழ் மின்னூல் ஏற்றலாம். அவர்களுடைய அச்சுப் புத்தகச் சேவையில் தமிழுக்கு இடமில்லை. உரிமத்தொகை 35 அல்லது 70 விழுக்காடு. 70 வேண்டுமானால் விலை 2.99 டாலருக்கும் 9.99 டாலருக்கும் இடையில் இருக்க வேண்டும். மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் உரிமத்தொகைக்கான வரி ஒப்பந்தம் இல்லாததால் அமெரிக்கக் கடை விற்பனையில் 30 விழுக்காடு பிடித்துக்கொள்வார்கள். அச்சுக்கான பி.டி.எஃபை அங்கே ஏற்றாதீர்கள், கைப்பேசியில் எழுத்து பெரிதாகாது. திருத்தி முடித்த யூனிகோடு வேர்ட் கோப்பிலிருந்து செய்ய வேண்டும்.

அதனால் கடைசி மெய்ப்பில் செய்த திருத்தங்களை இன்டிசைனில் மட்டும் செய்துவிட்டு நின்றுவிடாமல் வேர்ட் கோப்பிலும் அன்றன்றே செய்துவிடுங்கள். வேர்ட், பேக்கேஜ், அச்சு பி.டி.எஃப்., அட்டை, ஸ்கேன் செய்த மூலப்படங்கள் ஆகிய ஐந்தும் ஒரே கோப்புறையில், தேதி போட்டு, கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று. கடவுச்சொல்லைப் பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். முதல் வேலையாக இந்த வாரம் 32 உருப்படிகளையும் யூனிகோடாக்கி ஒரே வேர்ட் கோப்பில் சேர்த்து மொத்தச் சொல்லெண்ணிக்கையைப் பாருங்கள்; அச்சகத்தில் விலை கேட்க அந்த எண் வேண்டும்.